மண்ணின் மனமறிந்த மேதை கார்ல் டெர்சாகி

மங்களூரிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் வாழும் நமக்கு விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் புதிதன்று. நம் உறவினரில் சிலர் அத்தொழிலையே நம்பி வாழ்கின்றனர். ஒருமுறை நாம் சிலர் சேர்ந்து அங்குள்ள ஒரு பொம்மைக் கூடத்தைப் பார்க்கச் சென்றோம். அச்சில் வார்த்தெடுத்த பொம்மைகள் பலகைகளின்மேல் வரிசை வரிசையாக உலர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் சிறு துளை ஒன்று இருந்தது. அது எதற்கு என்று கேட்டோம். அங்கே வேலை செய்துகொண்டிருந்த அம்மா ஒருவர் பதில் சொல்லாமல், மூலையில் கிடந்த உடைந்த துண்டுகளைக் காட்டினார். ஈரம் முழுவதும் போகுமுன் சூளைக்குச் சென்ற பொம்மைகளாம் அவை. உள்ளே தங்கிய நீர் ஆவியாகி, வெளியேற வழி காணாமல், பொம்மையையே பிளந்துவிட்டதாம்.

வீடு திரும்பி இதைச் சொன்னபோது நம் அன்னையர் வியப்படையவில்லை. எண்ணெய்ச் சட்டியில் சீடை வெடிப்பதும் இதனால்தானே என்றார்கள். மாவை இறுக்கி உருட்டினால் சீடை வெடிக்கும். ஊசியால் மெல்லக் குத்திவிட்டால் வெடிக்காது. அடுப்படியில் நிற்கும் பெண்கள் அனைவரும் அறிந்த உண்மை இது. நீர் கொதித்து ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேலாக விரிகிறது. அதற்கு வழி விட்டால் அமைதியாகப் போய்விடும். வழியை அடைத்தால் உடைத்துக்கொண்டு போகும்.

இதே நிகழ்ச்சி நம் காலடியில், பூமியின் ஆழத்தில், ஊர் அளவும் மலை அளவும் உள்ள பாறைகளில் நடைபெறுகிறது என்றால் நம்புவீர்களா? பாறை என்றால் இறுகிய திண்மம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் மணற்பாறை போன்ற பல பாறைகள் பஞ்சைப் போல நுண்துளைகள் நிறைந்தவை. அத்துளைகளில் நீர் நிறைந்திருக்கிறது. அந்த நீர் அழுத்தம் பெற்றால் பாறை உப்புகிறது, நெளிகிறது, பிளக்கிறது. இந்த இரகசியத்தின் திறவுகோலை உலகுக்கு அளித்தவர் ஓர் ஆஸ்திரியப் பொறியாளர். அவர் பெயர் கார்ல் டெர்சாகி. மண் இயக்கவியலின் தந்தை என்று அவரை உலகம் போற்றுகிறது. அவருடைய வாழ்க்கையையும், அவர் கண்டறிந்த உண்மை நம் ஊர்வரை வந்து நிற்கும் விதத்தையும் இங்கே காண்போம்.

இளமைப் பருவம்

1883ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், அன்று ஆஸ்திரியப் பேரரசில் அடங்கியிருந்த பிராகு நகரில் கார்ல் பிறந்தார். தந்தை இராணுவ அதிகாரி. அவர் ஓய்வு பெற்றதும் குடும்பம் கிராட்சு நகருக்குக் குடிபெயர்ந்தது. சில ஆண்டுகளில் தந்தை மறைந்தார். சிறுவன் கார்ல் இராணுவப் பள்ளி விடுதிக்கு அனுப்பப்பட்டான். அங்கே கணிதத்தில் அவனுக்கு நாட்டம் பிறந்தது.

பின்னர் கிராட்சு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1904இல் தேறினார். ஆனால் இயந்திரங்களில் அவர் உள்ளம் ஒன்றவில்லை. நேரம் கிடைத்தபோதெல்லாம் மலைகளுக்குச் சென்று பாறைகளைப் பார்த்துவருவார். கட்டாய இராணுவப் பணியில் இருந்த ஓராண்டுக் காலத்தில்கூட, ஆங்கில நிலவியல் நூல் ஒன்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்து முடித்தார். பிறர் பொழுதைப் போக்கிய இடத்தில் அவர் பொழுதை ஆக்கினார் என்றே சொல்ல வேண்டும்.

தோல்வியில் முடிந்த தேடல்

படிப்பு முடிந்ததும் கட்டுமானப் பணியில் சேர்ந்தார். அணைகள், நீர்மின் நிலையங்கள், பெரிய கட்டடங்கள் ஆகியவற்றில் வேலை செய்தபோது ஒன்றைக் கவனித்தார். எஃகுப் பாலத்தைக் கட்டுபவர் அது எவ்வளவு சுமை தாங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்கிறார். ஆனால் அந்தப் பாலம் நிற்கும் மண் எவ்வளவு தாங்கும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. கட்டடம் சாய்ந்த பின்னரும், கரை சரிந்த பின்னரும், மண் சரியில்லை என்று கூறிவிட்டுப் போனார்கள். மண் ஏன் அப்படி நடந்துகொண்டது என்பதை யாரும் விளக்கவில்லை.

இதற்கு விடை தேடி 1912இல் அமெரிக்கா சென்றார். அங்கே மேற்கு மாநிலங்களில் பல அணைகள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. இடம் இடமாகச் சென்று, எந்த மண்ணில் எந்த அணை எப்படி நின்றது என்று குறிப்பெடுத்தார். இத்தகைய செய்திகளைத் திரட்டினால் பொதுவிதி ஒன்று தானாக வெளிப்படும் என்பது அவர் நம்பிக்கை. அது பொய்த்தது. ஒருவர் களிமண் என்று எழுதி வைத்ததும் மற்றொருவர் களிமண் என்று எழுதி வைத்ததும் இருவேறு விதமாக நடந்துகொண்டன. பெயர் ஒன்றாக இருந்தது. குணம் வேறாக இருந்தது. மூட்டை நிறையக் குறிப்புகளோடும் மனம் நிறைய ஏமாற்றத்தோடும் 1913ஆம் ஆண்டின் இறுதியில் நாடு திரும்பினார்.

ஆனால் அந்தத் தோல்வி அவருக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. மண்ணுக்குப் பெயர் சூட்டுவது போதாது. அதை அளக்க வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

சுருட்டுப் பெட்டி ஆய்வுக்கூடம்

முதல் உலகப் போரில் இராணுவத்தில் பணியாற்றிய டெர்சாகி, 1916இல் துருக்கியின் தலைநகராக அன்று விளங்கிய கான்ஸ்டாண்டிநோபிளில், பொறியியல் பள்ளி ஆசிரியராக நியமிக்கப்பட்டார். அதுவே இன்றைய இஸ்தான்புல். போர் முடிந்தது. தோற்ற தரப்பைச் சேர்ந்தவர் ஆதலால் வேலை போயிற்று. அதே நகரில் அமெரிக்கர்கள் நடத்திவந்த ராபர்ட் கல்லூரி அவருக்கு இடம் கொடுத்தது. ஊதியம் குறைவு. ஆய்வுக் கருவிகள் வாங்கப் பணம் இல்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. சுருட்டுப் பெட்டிகளையும், வேண்டாமென்று எறியப்பட்ட பழைய இரும்புச் சாமான்களையும் பொறுக்கியெடுத்தார். அவற்றைக்கொண்டு தாமே கருவிகளைச் செய்தார். அத்தகைய எளிய கருவிகளோடு சில ஆண்டுகள் இடைவிடாமல் சோதனைகள் நடத்தினார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே நகர்ந்தது களிமண். அதுவும் மயிரிழை அளவு மயிரிழை அளவாக.

சோதனை இதுதான். ஒரு வளையத்தில் ஈரக் களிமண் வில்லையை வைப்பார். அதன் மேலும் கீழும் நீர் கசியக்கூடிய துளைக் கற்களை வைப்பார். மேலே ஓர் எடையை ஏற்றுவார். பிறகு வில்லையின் கனம் எவ்வளவு குறைகிறது என்று மணிக்கணக்கில் அளந்துகொண்டே இருப்பார். எடையை வைத்தவுடன் வில்லை ஏறக்குறைய அசையவில்லை. பின்னர் மெல்ல மெல்லத் தணிந்தது. நாள் முழுதும் தணிந்துகொண்டே இருந்தது. எடை மாறவில்லை, ஆயினும் மண் ஏன் இவ்வளவு தாமதமாக இறங்குகிறது?

நீரும் சுமை தாங்கும்

நம் பக்கத்துப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையோடு நடப்பவர்கள் சிறிது நேரம் சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். களிமண்ணுக்குள் இருக்கும் நீர் அத்தகைய சுமைதாங்கி என்பதை டெர்சாகி கண்டார்.

இதை விளக்க அவர் காட்டிய மாதிரியை நாமும் மனத்தில் செய்து பார்க்கலாம். ஒரு பாத்திரத்தில் சுருள்வில் ஒன்றை நிறுத்தி, நீரை நிரப்பி, உள்ளே இறங்கக்கூடிய இறுக்கமான மூடியை அதன்மேல் வைப்போம். மூடியில் ஊசித்துளை ஒன்று இருக்கட்டும். இப்போது மூடியின்மேல் 10 கிலோ எடையை வைப்போம். முதல் நொடியில் சுருள்வில் அமுங்குவதில்லை. ஏனெனில் நீர் இன்னும் வெளியேறவில்லை. 10 கிலோவையும் நீரே தாங்குகிறது. துளைவழியே நீர் கசியக் கசிய மூடி இறங்குகிறது. நீர் 5 கிலோ, வில் 5 கிலோ என்று சுமை பங்கிடப்படுகிறது. இறுதியில் நீரின் மிகை அழுத்தம் தீர்ந்துவிடுகிறது. 10 கிலோவும் வில்லின்மேல் வந்துவிடுகிறது.

சுருள்வில்லுக்குப் பதிலாக மண்துகள்களை வையுங்கள். ஊசித்துளைக்குப் பதிலாகத் துகள்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய வழிகளை வையுங்கள். இதுவே ஈரக் களிமண். மேலிருந்து வரும் மொத்தச் சுமையிலிருந்து நீரின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதே துகளும் துகளும் ஒன்றையொன்று அழுத்தும் அளவு. மண்ணின் உறுதி அந்த மிச்சத்தைப் பொறுத்தது. நீரின் அழுத்தம் ஏறினால் மிச்சம் குறைகிறது, துகள்களின் பிடி தளர்கிறது, மண் வழுக்குகிறது. நீரின் அழுத்தம் இறங்கினால் மிச்சம் கூடுகிறது. மண் இறுகித் தணிகிறது. இவ்வளவு எளிய கழித்தல் கணக்குத்தான். ஆயினும் அதுவரை அதை எவரும் இவ்வளவு தெளிவாகக் கண்டு, அளந்து, பயனுக்குக் கொண்டுவந்ததில்லை.

1923இல் இந்தக் கணக்கை வியன்னா அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் அவர் எழுதினார். 1925இல் மண் இயக்கவியல் பற்றிய அவருடைய ஜெர்மன் நூல் வெளிவந்தது. களிமண்ணிலிருந்து நீரழுத்தம் தீர்வதற்கான சமன்பாடும், சூடான இரும்புக் கம்பியில் வெப்பம் பரவுவதற்கான சமன்பாடும் ஒரே வடிவில் இருப்பதை அவர் கண்டார். அதனால் பழைய வெப்பக் கணக்குகளை அப்படியே மண்ணுக்குப் பயன்படுத்த முடிந்தது. கனம் இருமடங்கானால் காலம் நான்கு மடங்காகும் என்பது அந்தக் கணக்கின் முடிவுகளில் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் 2 செண்டிமீட்டர் கனமுள்ள வில்லை ஒரு நாளில் தணிகிறது என்று கொள்வோம். அதே மண் தரையில் 2 மீட்டர் கனத்தில் இருந்தால், நீர் அதே போல் இருபுறமும் கசிந்தாலும், 10,000 நாள்கள் ஆகும். அதாவது 27 ஆண்டுகள்! கட்டியவர் ஓய்வு பெற்ற பின்னும் கட்டடம் இறங்கிக்கொண்டே இருப்பதன் காரணம் இதுவே.

புகழும் புயலும்

1925இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவரை அழைத்தது. வெறுங்கையோடு திரும்பிய அதே நாட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆசிரியராகச் சென்றார். 1929இல் வியன்னாவில் பேராசிரியரானார். 1936இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மண் இயக்கவியலின் முதல் அனைத்துலக மாநாடு கூடியபோது அவரே தலைமை தாங்கினார்.

புகழ் வந்த வேளையில் புயலும் வந்தது. வியன்னாவில் உடன் பணியாற்றிய பவுல் பில்லுங்கர் என்ற பேராசிரியர், டெர்சாகியின் கொள்கை முற்றிலும் தவறு என்று கடுமொழிகளால் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். பில்லுங்கர் சாதாரணமானவர் அல்லர். துளையுள்ள பொருள்களில் நீர் அழுத்தம் பற்றி டெர்சாகிக்கு முன்பே ஆராய்ந்தவர். இந்த உண்மையின் வாயில்வரை வந்தவர். பல்கலைக்கழகம் குழு அமைத்து ஆராய்ந்தது. டெர்சாகியின் கணக்கு சரி என்று முடிவாயிற்று. ஆனால் 1937இல் பில்லுங்கரின் இல்லம் பெருந்துயரில் முடிந்தது. வெற்றி பெற்றவருக்கும் அந்த வெற்றியில் மகிழ்ச்சி இருந்திருக்காது. இன்றைய அறிஞர்கள் பில்லுங்கரின் பங்கையும் மதித்து அவர் பெயரையும் சேர்த்தே சொல்கின்றனர். ஒரே உண்மையைத் தேடிய இருவர் ஒருவரோடொருவர் அமர்ந்து பேசியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று நாம் எண்ணாமல் இருக்க முடியவில்லை. துளையில் அடைபட்ட நீரைப் போலவே, உள்ளத்தில் அடைபட்ட கசப்பும் வழி விடாவிட்டால் பிளந்துவிடுகிறது.

1938இல் ஆஸ்திரியா ஹிட்லரின் கைக்குள் சென்றது. டெர்சாகி அமெரிக்கா சென்று ஹார்வர்டில் பணியேற்றார். 1943இல் அந்நாட்டுக் குடிமகனானார்.

துணைவியும் அறிஞரே

மாணவியராகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய மற்றொரு பெயர் ரூத் டாகெட். டெர்சாகி 1930இல் மணந்துகொண்ட இவர், தாமே நிலவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பெண்கள் பாறை ஆய்வுக்குச் செல்வது அரிதாயிருந்த காலம் அது. கணவரின் எழுத்துகளைப் படித்துத் திருத்தியதோடு ரூத் நின்றுவிடவில்லை. பாறையில் உள்ள விரிசல்களை எண்ணுவதில் ஒரு பிழை நேர்வதை அவர் கண்டுபிடித்தார். பாறையைத் துளையிட்டுப் பார்க்கும்போது, துளைக்குக் குறுக்கே செல்லும் விரிசல்கள் நன்றாக அகப்படுகின்றன. துளைக்கு இணையாகச் செல்பவை அகப்படாமலே தப்பிவிடுகின்றன. ஆகவே நாம் எண்ணியது உண்மையான எண்ணிக்கை ஆகாது. இதைத் திருத்தும் வழியை 1965இல் அவர் வெளியிட்டார். டெர்சாகி திருத்தம் என்று இன்றும் பாறைப் பொறியாளர்கள் பயன்படுத்தும் அந்தக் கணக்கு கார்லுடையதன்று, ரூத்துடையது.

மண்ணிலிருந்து பாறைக்கு

டெர்சாகி களிமண்ணில் கண்டதைப் பின்வந்தோர் ஆழப் பாறைகளுக்குக் கொண்டுசென்றனர். பெல்ஜியத்தில் பிறந்த மாரிஸ் பியோ என்பவர் 1941இல் அந்தக் கணக்கை முப்பரிமாணத்துக்கும் விரித்தார். பாறை நெளிந்தால் நீரழுத்தம் மாறும். நீரழுத்தம் மாறினால் பாறை நெளியும். இரண்டும் ஒன்றையொன்று விடா. இதை அவர் கணிதமாக்கினார். அமெரிக்க நிலவியலாளர் கிங் ஹப்பர்ட் 1957இல் மற்றொன்றை விளக்கினார். பாறையை நாற்புறமும் அழுத்தும் விசைகளில் எது மிகக் குறைவோ, அதை எதிர்த்துத்தான் விரிசல் வாய் திறக்கும். உள்ளிருக்கும் நீரின் அழுத்தம் அந்தக் குறைந்த விசையையும் பாறையின் பிணைப்பையும் மிஞ்சும்போது பாறை பிளந்துவிடுகிறது.

இதனுடன் வெப்பமும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஆழம் செல்லச் செல்லப் பூமி சூடேறுகிறது. எரிமலைப் பகுதிகளில் உருகிய பாறைக்குழம்பு அருகிலேயே இருக்கிறது. சாதாரண வெப்பத்திலிருந்து 200 பாகை செல்சியசு வரை நீரைச் சூடேற்றினால், அது ஆவியாகாமல் அழுத்தத்தில் வைக்கப்பட்டிருந்தாலும், கனஅளவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. பாறைத் துகள்களோ நூற்றில் ஒரு பங்கு அளவுகூடக் கூடுவது அரிது. துளை அப்படியே இருக்கிறது. துளைக்குள் இருக்கும் நீர் மட்டும் இடம் கேட்கிறது. பாறை நீரை எளிதில் கசிய விட்டால் தொல்லையில்லை. கசிவு மெதுவாகவும் சூடு வேகமாகவும் இருந்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. பாறை முதலில் உப்புகிறது. பின்னர் பிளக்கிறது. பிளந்ததும் வெந்நீர் பாய்ந்து அழுத்தம் தணிகிறது. வெந்நீரில் கரைந்திருந்த கனிமங்கள் பிளவில் படிந்து அதை அடைத்துவிடுகின்றன. மீண்டும் அழுத்தம் ஏறுகிறது. கரும்பாறையின் நடுவே வெள்ளைக் கோடுகளாகச் சில இடங்களில் நாம் காணும் படிகக்கல் வரிகள் பல, இப்படிப் பிளந்து பிளந்து ஆறிய பழைய காயங்களின் தழும்புகளே.

இத்தாலியில் நேப்பிள்சு நகருக்கு அருகே பொத்சுவோலி என்றோர் ஊர் உள்ளது. கைதியாக உரோமைக்குச் சென்ற புனித சின்னப்பர் கரையிறங்கிய புத்தேயோலி துறைமுகம் அதுவே. அங்கே பழைய உரோமையர் சந்தையின் பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அத்தூண்களில், தரைக்கு மேல் சில மீட்டர் உயரத்தில், கடல் சிப்பிகள் குடைந்த துளைகள் இருக்கின்றன. தரை கடலுக்குள் தாழ்ந்து, பின்னர் மீண்டும் உயர்ந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. 1982க்கும் 1984க்கும் இடையே அவ்வூரின் தரை ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. வீடுகள் விரிசல் கண்டன. பல்லாயிரம் மக்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆழத்துப் பாறைக்குழம்பின் அசைவும், அதனால் சூடேறிய நீரும் வாயுக்களும் துளைப் பாறையில் ஏற்படுத்தும் அழுத்தமும் இதற்குக் காரணங்கள் என அறிவியலார் ஆராய்ந்து கூறுகின்றனர்.

நம் நாட்டிலும் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில், 84 பாகைவரை சூடுள்ள வெந்நீர் ஊற்றுகள் பொங்குகின்றன. அந்த உயரத்தில் நீர் கொதிப்பதே ஏறக்குறைய அந்த வெப்பத்தில்தான். இத்தகைய வெப்பத்தை மின்சாரமாக்க உலகெங்கும் முயல்கின்றனர். ஆனால் கவனம் வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006இல் சூடான பாறையைப் பிளப்பதற்காக ஆழத்தில் நீரை அழுத்திச் செலுத்தியபோது 3.4 அளவில் நிலம் அதிர்ந்தது; அத்திட்டமே பின்னர் கைவிடப்பட்டது. மகாராஷ்டிரத்தில் கொய்னா அணையில் நீர் தேங்கிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பர் 11ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கம் ஏறத்தாழ 180 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நீர்த்தேக்கத்தின் பளுவும், ஆழத்துப் பிளவுகளில் பரவிய நீரழுத்தமும் அதைத் தூண்டின என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. எங்கும் அதே கழித்தல் கணக்கு: நீர் அதிகம் தாங்கினால், பாறையின் பிடி தளர்கிறது.

நம் வாசலில் டெர்சாகி

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று எண்ண வேண்டாம். மங்களூர் ஒன்றியத்தில், திட்டக்குடிக்கு அருகே கீழ்ச்செருவாயில் இருக்கும் வெலிங்டன் ஏரியை நாம் அனைவரும் அறிவோம். 1913இல் தொடங்கி 1923இல் முடிந்த மண்கரை அது. டெர்சாகி தம் கணக்கை வெளியிட்டதும் 1923இல்தான். அதாவது நம் ஏரிக்கரையை எழுப்பியவர்களின் கையில் அந்தக் கணக்கு இருக்கவில்லை. அனுபவமும் உழைப்புமே அவர்களுடைய துணை. அக்கரையின் ஒரு பகுதி களிமண்ணில் அமிழ்ந்து இறங்கியதையும், அதைச் செப்பனிடப் பெரும்பாடு பட்டதையும் நம் பெற்றோர் அறிவர். நனைந்த களிமண்ணின் உள்ளே நீர் எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று அளக்காமல் இன்று எந்தப் பொறியாளரும் அத்தகைய கரையில் கை வைப்பதில்லை.

கிழக்கே சென்றால் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, பொங்கி வந்த நீரோடு கரிய துகள்களும் வந்தன. பழுப்பு நிலக்கரியின் முதல் அடையாளம் அது. ஆனால் அந்தப் பொங்கும் நீரே சுரங்கத்துக்குப் பெரும் தடையாகவும் ஆயிற்று. நிலக்கரிப் படுகைக்குக் கீழே மணற்படுகை ஒன்று உண்டு. அதன் துளைகளில் அடைபட்ட நீர், சதுர செண்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்துடன் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. மேலே உள்ள மண்ணின் எடையே அதை அமுக்கி வைத்திருந்தது. அந்த மண்ணைத் தோண்டி அகற்றினால் சுரங்கத்தின் தரையே உப்பிப் பிளந்து, நீர் பீறிட்டு வந்துவிடும். 1957இல் சுரங்கப் பணி தொடங்கியபோது பொறியாளர்கள் செய்தது சீடைக்கு ஊசித்துளை இட்ட அதே செயல்தான். சுற்றிலும் ஆழ்குழாய்களை இறக்கி, இரவு பகலாக நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்தனர். அதன் பின்னரே 1961இல் நிலக்கரியை எட்ட முடிந்தது. அங்குள்ள நீர் சூடானதன்று. ஆயினும் விதி ஒன்றே.

இதற்கு மறுபுறமும் உண்டு. அழுத்தத்தைக் குறைத்தால் சுரங்கம் பிழைக்கிறது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் தானே பொங்கிய ஊற்றுக் கிணறுகளின் நீர்மட்டம் தாழ்கிறது. எவ்வளவு இறைப்பது, எங்கே நிறுத்துவது, யாருக்கு எவ்வளவு விடுவது என்பவை கணக்குப் புத்தகத்தோடு மனச்சான்றையும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள். நாளை நம்மில் எவரேனும் பொறியாளராகவோ, அதிகாரியாகவோ, விவசாயியின் இல்லத்தரசியாகவோ அந்தக் கேள்வியின் முன் நிற்கக்கூடும்.

இறுதி நாள்கள்

முதுமையிலும் டெர்சாகி ஓயவில்லை. கனடா நாட்டில், கட்டவே முடியாது என்று பலர் கருதக்கூடிய மென்மையான அடிமண்ணின்மேல் மிஷன் அணையை எழுப்ப வழிகாட்டினார். 1960இல் அது முடிந்தது. கட்டும்போதே அளந்து, அளந்ததற்கேற்பத் திட்டத்தை மாற்றிக்கொள்வது அவர் முறை. மண் என்ன சொல்கிறதோ அதைக் கேட்க வேண்டும். நம் கணக்கை மண்ணின்மேல் திணிக்கக் கூடாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். 1959இல் பிரான்சில் மால்பாசே அணை ஒரே இரவில் உடைந்து 400க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அணையின் சுவர் குறையற்றது; அதன் ஒரு பக்கத்துப் பாறைப் பிளவில் புகுந்த நீரின் அழுத்தமே பாறையைப் பெயர்த்துவிட்டது. மண்ணுக்கு மட்டுமன்றிப் பாறைக்கும் இந்த விதி பொருந்தும் என்பதை உலகம் கண்ணீரோடு கற்ற நாள் அது.

1963 அக்டோபர் 25ஆம் நாள், தமது 80ஆம் வயதில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வின்செஸ்டரில் டெர்சாகி மறைந்தார். 1965இல் மிஷன் அணைக்கு டெர்சாகி அணை என்று பெயர் சூட்டப்பட்டது.

அன்பு மாணவியரே! சுருட்டுப் பெட்டியும் களிமண்ணும் பொறுமையும் ஒரு புதிய அறிவியலையே உண்டாக்கின. நல்ல ஆய்வுக்கூடம் இல்லை, விலையுயர்ந்த கருவி இல்லை என்று நாம் குறைபட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நம் வீட்டுச் சீடையிலும், விருத்தாசலத்துப் பொம்மையிலும், கீழ்ச்செருவாய் ஏரிக்கரையிலும் அதே பாடம் நமக்காகக் காத்திருக்கிறது. அடுத்தமுறை ஒரு பொம்மையை வாங்கும்போது அதைத் திருப்பி அடியைப் பாருங்கள். அந்தச் சிறு துளையைக் கண்டால், அடைபட்ட நீரின் வலிமையை அளந்து சொன்ன அந்த ஆசிரியரை ஒருகணம் நினைத்துக்கொள்வோம்.